பறையொலியும் பதிவேடும்

முன்னுரை

கலை நிகழ்ந்து முடிந்ததும் மறைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது அதைப் பற்றிய பதிவு மட்டுமே. அந்தப் பதிவை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்ற கேள்விகள், கலையைப் போலவே நாம் கற்க வேண்டியவை. இரு நாட்டார் கூடிக் கலை நிகழ்த்தும்போதும், அயல்நாட்டார் நம் கலைஞரிடம் மாணவராக அமரும்போதும் இக்கேள்விகள் இன்னும் கூர்மை பெறுகின்றன. நான் இசை பயின்றவன் அல்லன். வரலாறு பயிலும் மாணவன். ஆதலால் ஒலியை விட்டு, ஏட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நம் ஊரிலேயே ஒரு சான்று

சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் திண்டுக்கல்லில் துறவியான சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்களுக்குப் பறையாட்டமும் ஒயிலாட்டமும் கும்மியும் கோலாட்டமும் கற்பித்தது. இதன் அருமையை அறியப் பறையின் கதையை அறிய வேண்டும். மரவளையத்தில் தோலை இழுத்து ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றி, அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரு குச்சிகளால் முழக்கும் கருவி அது. தோல் பதனிடும் தொழில் பழகிய நம் ஊருக்குத் தோலும் புதிதன்று, அத்தொழிலின் மேல் சமூகம் பூசிய இழிவும் புதிதன்று. சாவுக்குப் பறையடிப்பது ஒரு சாதியாரின் கட்டாய ஊழியமாக நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது. அடித்தவரும் ஆண்களே. அந்தக் கருவியைப் பெண்கள் தோளில் மாட்டி, தாமே விரும்பி மேடையேறியபோது ஒரே நேரத்தில் இரண்டு விலங்குகள் அறுந்தன.

இக்குழுவைப் பற்றிப் படம் எடுத்தவர் சோயி ஷெரீனியன் என்னும் அமெரிக்க இசை ஆய்வாளர். ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவரே ஒரு தாளக் கலைஞர். 2011-இல் வெளியான அவரது முந்தைய படத்தில் பரமக்குடிப் பக்கத்து முனைவென்றியின் ‘குறிஞ்சி மலர்’ பறைக்குழுவினர் ஆசிரியர்கள், அவர் மாணவி. பின்னர்த் திண்டுக்கல் பெண்களைப் பற்றி அவர் எடுத்த படத்துக்குச் ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று பெயர். ஆய்வாளர் குச்சியைக் கையில் எடுத்துப் பிழையாக அடித்து, கலைஞர் திருத்தும்போது, யார் அறிந்தவர், யார் அறியாதவர் என்பது தலைகீழாகிவிடுகிறது. ஊழியக்காரர் என்று ஊர் ஒதுக்கியவரை ஒரு பேராசிரியர் ஆசிரியராக ஏற்பது, படத்தைக் காட்டிலும் பெரிய செய்தி என்பேன்.

உடனிருந்து எழுதியோர்

இதற்கு முன்னோடிகள் உண்டு. ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கர் தி.விசுவநாதனிடம் கருநாடக இசை பயின்று, 1960-களில் சென்னைக்கு வந்து, திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையிலும் பாடினார். ரசிகர்கள் அவரை ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தனர். விசுவநாதனின் தமக்கை பாலசரசுவதியின் நாட்டிய மரபை அருகிருந்து கற்று, பரதநாட்டிய இசை பற்றி 1973-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். 1984-இல் ஒரு சாலை விபத்தில் மறைந்தார்.

வடமாவட்டங்களின் கூத்தை ஆராய வந்தவர் ஹாலந்து நாட்டு ஹன்னே டி புரூயின். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் இராஜகோபாலும் பிறரும் 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவியபோது அவரும் உடன் நின்றார். 2002-இல் தொடங்கிய அதன் குருகுலம் 2020 வரை சிறுவர் சிறுமியர்க்குக் கல்வியோடு கூத்தும் கற்பித்தது. ‘தெருக்கூத்து’ என்று வெளியார் பொதுவாக வழங்கினாலும், கட்டை அணிகள் பூண்டு ஆடுவதைக் ‘கட்டைக்கூத்து’ என்று அழைக்கும் கலைஞர் வழக்கை அவர் தம் நூலில் முன்வைத்தார். இக்கருத்தை ஏற்காத கலைஞரும் ஆய்வாளரும் உண்டு. ஆயினும் ஒரு கலைக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு என்ற வினா அங்கே எழுந்தது, அதுவே நன்மை.

நாம் வெளியாராய் நின்று பார்த்தபோது

வெளியார் என்றால் எப்போதும் வெள்ளையர் என்று எண்ண வேண்டாம். 1985-இல் பிரான்சின் அவிஞான் நகர நாடக விழாவில், ஒரு கற்குழியில் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக அரங்கேற்றினார். பல நாட்டு நடிகர் கலந்த அந்தக் குழுவில் மல்லிகா சாராபாய் திரௌபதியாக நடித்தார். உலகமே புகழ்ந்த அந்நாடகத்தை ருஸ்தம் பரூச்சா என்னும் இந்திய அறிஞர் 1988-இல் கடுமையாக விமர்சித்தார். காவியத்தை அதன் மண்ணிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிரித்தெடுத்தது சரியா? கொடுத்தவர்க்கும் எடுத்தவர்க்கும் இடையே சமநிலை இருந்ததா? இவையே அவர் எழுப்பிய வினாக்கள்.

இவ்வினாக்களின் பொருளை நாம் எளிதில் உணரலாம். நம் வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, முடிவில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் நிகழ்த்துகிறார்கள். அங்கே பார்ப்போர் என்று தனியே ஒருவரும் இல்லை, ஊரே பங்காளி. அந்த உறவைக் கற்குழியில் நட்டு வளர்க்க முடியாது. எனினும் புரூக்கின் முயற்சி வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். அதைக் கண்ட ஓர் இந்தியர் எழுதிய மறுப்பும் பதிவாகி நிற்பதால்தான், இன்று நாம் இருபக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

திருப்பிக் கொடுத்தல்

ஹாலந்து நாட்டு அறிஞர் ஆர்னல்டு பாக்கே 1938-39-இல் தென்னிந்தியாவில் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தார். அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாய், ஆமி கேட்லினுடன் 1984-இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கருநாடகத்திலும் அதே தடத்தில் திரும்பி வந்து, எந்தக் கலை நிலைத்தது, எது மாறியது, எது மறைந்தது என்று ஆராய்ந்தார். பதிவு செய்தவன் போனால் போகட்டும், பதிவாவது ஊர் திரும்ப வேண்டும் என்னும் நெறிக்கு அது நல்ல முன்மாதிரி.

நம் கடமை

“பாம்பின் கால் பாம்பறியும்” என்பது பழமொழி. உள்ளூரானுக்கே உள்ளது தெரியும் என்று அதைக்கொண்டு வாதிடுவோர் உண்டு. “தன் முதுகு தனக்குத் தெரியாது” என்பதும் நம் பழமொழிதான். பறையைத் தீட்டென்று ஒதுக்கிய பழக்கத்தை நாம் இயல்பென்றே கொண்டிருந்தோம். அதனருகே நின்று வியந்தவர்களில் வெளியாரும் உண்டு. ஆகவே அயலார் எழுதியதை அயலார் எழுதியது என்பதற்காகவே தள்ளுவதும் தவறு. அதற்காகவே தலைமேல் வைத்துக் கொண்டாடுவதும் தவறு. எழுதியவர் எவ்வளவு காலம் தங்கினார்? மொழி கற்றாரா? கலைஞரின் பெயரை எழுதினாரா? எழுதியதை அவரிடம் காட்டினாரா? இந்நான்கும் எனக்கு உரைகற்கள்.

இவற்றுள் பெயரே முதன்மையானது. எட்கர் தர்ஸ்டன், க.ரங்காச்சாரியுடன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் சாதிக்குத் தலைப்பு உண்டு. தனி மனிதருக்கு அரிதாகவே இடமுண்டு. பறையடித்த கைக்கு ஒரு பெயர் இருந்தது என்பதை ஏடு மறந்தால், ஊரும் மறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நான் குறிப்பிட்ட ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. ஆடியவர் தம்மைப் பற்றி எழுதியதைத் தாமே படிக்க இயலாத நிலை நீடிக்கலாமா? பேராசிரியர் நா.வானமாமலை நெல்லை ஆய்வுக்குழுவைக் கூட்டி, நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகத் திரட்டித் தமிழிலேயே பதிப்பித்தார். அந்த வழி நமக்கும் திறந்தே கிடக்கிறது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். திருவிழாவில் பறையடிப்பவர் யார், அவருக்குக் கற்பித்தவர் யார், எந்த அடிக்கு என்ன பெயர், கிடைத்த கூலி எவ்வளவு, அவர் மக்கள் இக்கலையைத் தொடர விரும்புகிறார்களா, விரும்பாவிடில் ஏன் என்று கேட்டு எழுதுங்கள். அவர் இசைவு பெற்றே படம் எடுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். நாளை அயல்நாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் திண்டுக்கல் நிலையத்தில் வந்து இறங்கும்போது, நம்மிடம் அவர் கேட்பதற்குக் கேள்வியும், நாம் காட்டுவதற்கு ஏடும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது உண்மையான கூட்டு முயற்சியாகும்.