மாரிக்கு முன் பின்விளக்கைப் பாருங்கள்

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கான மாரிகால அறிவித்தல்

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. இனி வாடை. ஒக்டோபரில் பின்னேர இடியோடு தொடங்கும் மழை, நவம்பர், டிசம்பரில் வலுத்து ஜனவரி வரை இழுக்கும். பெரும்போக வேலையும் இதே மாதங்களில்தான். வட்டைக்குப் போனவர்கள் கிட்டங்கி வழியாக இருட்டில் திரும்புவார்கள். மீன் எடுக்கப் போகிறவர்கள் சுபஹுக்கு முன்பே கடற்கரை வீதியில் இறங்குவார்கள். கல்முனைக்குடியில் இவர்களில் பலருக்கு இன்னும் பழைய ஹொண்டாவும் பழைய பஜாஜும்தான் வாகனம். நல்ல வண்டிகள்தான், இஞ்சின் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் நமது உப்புக் காற்றில் வயரும் ஹோல்டரும் அத்தனை காலம் நிற்பதில்லை. செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, மழை நனைத்ததும் விளக்கு அணைகிறது.

சென்ற மாரியில் பின்னாலிருந்து இடிபட்ட வண்டிகள் எங்கள் கராஜுக்கு வந்தன. ஓட்டியவர்களிடம் கேட்டால் "ஹெட் லைட் நல்லா எரிஞ்சிச்சே" என்கிறார்கள். எரிந்திருக்கும். உங்களுக்குப் பாதை தெரிந்தது, பின்னால் வந்த டிப்பருக்கு நீங்கள் தெரியவில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். மழை இரவில், எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் சாரதியின் கண்ணில் அடிக்கும்போது, கறுப்பு மழைக்கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குப் படமாட்டார்.

ஆகவே முதலும் முக்கியமுமான விஷயம் இதுதான்: பின்விளக்கு எரியாத வண்டியை மஃரிபுக்குப் பிறகு வீதிக்கு எடுக்காதீர்கள். கடைத்தெருவுக்குத்தானே, பள்ளிக்குத்தானே என்று சொல்லாதீர்கள். பிரதான வீதியைக் குறுக்கறுக்க அரை நிமிடம் போதும், அடிபடவும் அந்த அரை நிமிடம் போதும்.

சோதிப்பது லேசு. இருட்டியதும் வண்டியின் பின்பக்கத்தை ஒரு வெள்ளைச் சுவருக்குக் காட்டி நிறுத்துங்கள். இஞ்சினை ஓடவிட்டு லைட் சுவிச்சைப் போடுங்கள். சுவரில் சிவப்பு விழ வேண்டும். கால் பிரேக்கை மிதியுங்கள், அந்தச் சிவப்பு சட்டென்று கூட வேண்டும். கை பிரேக்குக்கும் சுவிச் இருந்தால் அதையும் பிடித்துப் பாருங்கள்.

சிவப்பே இல்லையென்றால் கண்ணாடியைக் கழற்றி பல்பைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் 21/5 வொட் பல்ப் இருக்கும். அதற்குள் இரண்டு இழைகள்: 5 வொட் இழை பின்விளக்கு, 21 வொட் இழை பிரேக். ஒன்று அறுந்தாலும் மாற்றுங்கள். பக்கத்திலுள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. அவசரத்தில் திருப்பிப் போட்டு அமுக்கினால் பிரேக் இழை எப்போதும் எரியும், பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். பழைய வண்டிகள் சிலவற்றுக்கு 6 வோல்ட். வாங்குமுன் பல்பின் அடியில் பொறித்திருப்பதை வாசியுங்கள்.

பல்ப் நல்லதாக இருந்தும் எரியவில்லையா? ஹோல்டருக்குள் இருக்கும் களிம்பை நைஸ் சாண்ட் பேப்பரால் சுரண்டி, வெசலின் கொஞ்சம் தடவுங்கள். பிரேக் பிடித்ததும் பின்விளக்கு மங்குகிறது, அல்லது சிக்னல் லைட் இலேசாக எரிகிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். மட்காட்டில் எர்த் வயர் பூட்டியிருக்கும் நட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். எங்களிடம் வரும் கோளாறுகளில் நிறைய இந்த ஒரு நட்டில் முடிந்துவிடுகின்றன. புது வயரிங் போடச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. ஹேண்டிலைத் திருப்பும்போது லைட் அணைந்து எரிந்தால் கழுத்தடியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. சுவிச்சுக்குள் தண்ணீர் போயிருந்தால் கழற்றிக் காயவையுங்கள். சர்விஸில் தண்ணீரைச் சுவிச்சுக்கு நேரே அடிக்க விடாதீர்கள். பெற்றறி முனைகளைக் கழுவி இறுக்குங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பெற்றறி 12.6 அளவில் காட்ட வேண்டும். இஞ்சினை இரைக்கும்போது 15க்கு மேல் ஏறினால், அல்லது பல்ப் அடிக்கடி போனால், குற்றம் பல்பில் இல்லை, ரெகுலேட்டரைப் பாருங்கள். ரெகுலேட்டர் இல்லாத மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட் லைட் பல்ப் போனால் அதன் பங்கு மின்சாரமும் பின்விளக்கில் பாய்ந்து அதையும் எரித்துவிடும். ஹெட் லைட் பல்ப் மாற்றிய அன்றே பின்னாலும் போய்ப் பாருங்கள்.

பியூஸ் போனால் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏன் போனது என்று பார்க்காமல் தாளைச் சுற்றினால் அடுத்து எரியப்போவது வயர், அந்த வயர் ஓடுவது பெற்றோல் டாங்கிக்குக் கீழே. குறித்த அம்பியரில் பியூஸ் வாங்கிப் போடுங்கள். மேலதிகமாக ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. பல பழைய வண்டிகளில் ஹெட் லைட்டும் பின்விளக்கும் இஞ்சின் ஓடினால்தான் எரியும். பெற்றறி தருவது சிக்னலுக்கும் ஹோர்னுக்கும் பிரேக் லைட்டுக்கும். நடு வீதியில் மழைக்கு வண்டி நின்றுபோனால் இரண்டு விளக்கும் அதே நொடியில் அணைந்துவிடும். அங்கேயே நின்று கிக்கரை மிதிக்காதீர்கள்! சிக்னலைப் போட்டு, வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, பிறகு மிதியுங்கள்.

விளக்கு நன்றாக எரிந்தும் மறைத்துவிடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? மழைக்கோட்டின் வால் பின்விளக்கை மூடுகிறது. பின்னால் இருப்பவரின் ஹபாயா மூடுகிறது. மீன் பெட்டியும் நெல் மூட்டையும் முழுதாக மூடுகின்றன. பெட்டி கட்டுகிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்திலேயே ஒரு சிவப்பு விளக்கைப் பூட்டுங்கள், கூடவே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். ரிஃப்ளெக்டருக்கு வயரும் வேண்டாம், பெற்றறியும் வேண்டாம். உடைந்த சிவப்புக் கண்ணாடியோடு ஓடாதீர்கள். பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், எதிரே வருகிற வண்டி என்றே நினைப்பார்கள். விளக்கைப் பற்றிக் கேட்டால் புகைச் சான்றிதழ் இருக்கிறது என்று காட்டுகிறீர்கள். அது புகைக்கு, விளக்குக்கு அல்ல.

தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் எவ்வளவு நல்ல லைட் இருந்தாலும் இறங்காதீர்கள். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மதரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. திரும்பி வாருங்கள், வேலை நாளைக்குச் செய்யலாம்.

தன் பின்விளக்கு எரிகிறதா என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் போகிறவருக்குத்தான் தெரியும். இன்றிரவு உங்களுக்கு முன்னால் ஒரு வண்டி இருட்டாகப் போனால் ஹோர்ன் அடித்து ஓரத்தில் நிறுத்தி, "காக்கா, பின் லைட் எரியல்ல" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.