"ஓங்கு" என்பதன் பொருள் யாது?

மரபியல் பயிலத் தொடங்கியதும் நாம் கேட்கும் சொற்கள் "ஓங்கு பண்பு", "ஒடுங்கு பண்பு" என்பன. ஓங்கியது வலியது, மிகுந்தது, மேலானது என்றும், ஒடுங்கியது மெலிந்தது, நாளடைவில் மறைவது என்றும் தமிழறிந்த எவரும் எண்ணிவிடுவர். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றுக்குத் தந்த பொருள் மிகக் குறுகியது. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் அவர் கலந்தார். கலப்பில் வெளியே தெரிந்த உருண்டை வடிவம் ஓங்கு பண்பு. தெரியாமல் நின்ற சுருக்கம் ஒடுங்கு பண்பு. அவ்வளவே. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளோடு 1,850 சுருங்கிய விதைகளும் தோன்றின. ஒடுங்கியது அழிந்துவிடவில்லை.

ஓங்கு பண்பு பெருகிப் பெருகி நால்வரில் மூவருக்கு வந்துவிடாதா என்ற ஐயம் 1908-இல் அறிஞரிடையேயும் எழுந்தது. விரல்கள் குட்டையாக அமையும் பண்பை எடுத்துக்காட்டாகக் கொண்ட அவ்வையத்தைப் புன்னெட் தம் நண்பர் ஹார்டியிடம் கொண்டு சென்றார். பின்னாளில் நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான்! இயற்கைத் தேர்வு போன்ற புறக் காரணங்கள் இல்லாத பெரிய மக்கள்தொகையில் ஜீன்களின் விகிதம் மாறாது என்று அவர் எளிய கணக்கால் காட்டினார். ஜெர்மானிய மருத்துவர் வெயின்பர்க்கும் அதே ஆண்டில் தனியே இம்முடிவுக்கு வந்தார். இரத்த வகைகளையே பாருங்கள்: ஏ, பி இரண்டுக்கும் ஒடுங்கியது ஓ, ஆயினும் உலகில் மிகுதியாகக் காணப்படுவது ஓ வகையே.

இனி, அரிவாள் அணுச் சோகை. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுக்கள் இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது. நோய் என்ற அளவில் இது ஒடுங்கு பண்பு. இரு ஜீன்களும் பழுதுற்றால்தான் நோய் தோன்றும். ஆனால் ஒரு பழுதுற்ற ஜீன் மட்டும் உடையவரின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் பிரித்தால் இருவகையும் தெரிகின்றன. அங்கே ஓங்கலும் இல்லை, ஒடுங்கலும் இல்லை. கடும் மலேரியாவிலிருந்து காப்பளிக்கவோ அந்த ஒற்றை ஜீனே போதும். ஆகவே ஓங்குதல் ஒரு ஜீனுக்கு உரிய நிலையான குணமன்று. அது இணை ஜீன்கள் இரண்டுக்கிடையேயான உறவு. நாம் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுவது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒற்றை ஜீன் உடைய பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். பிள்ளைக்கு நோய் வந்ததும், "எங்கள் குடும்பத்தில் இது கிடையாது" என்று தாயின் மீது பழி சுமத்துவோர் உளர். ஒடுங்கு நோய்க்குத் தந்தையிடமிருந்தும் ஒரு ஜீன் வந்தாக வேண்டும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்புவர் என்று நம்புவதும் தவறு. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு அப்படியே நிற்கிறது. ஒற்றை ஜீன் உடையவரை இரத்தப் பரிசோதனையால் திருமணத்துக்கு முன்பே அறியலாம். அதை ஆண், பெண் இருவருமே செய்துகொள்ள வேண்டும்.