தேன்சட்டம்: பல அளவுக்கு ஒரே வரைபடம்

தேனீ வளர்க்கும் விவசாயிகள் சிலர் இந்தியத் தேனீப் பெட்டி, இத்தாலியத் தேனீப் பெட்டி இரண்டையும் வைத்திருக்கிறார்கள். 1991-92ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவித் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. அதற்குப் பின் பல ஊர்களில் இத்தாலியத் தேனீ இடம் பிடித்தது. தேனீ மாறினால் பெட்டியும் மாற வேண்டும். கையில் உள்ள சிறிய பெட்டியைத் தச்சரிடம் காட்டி, "இதையே இரண்டு மடங்காகச் செய்து கொடுங்கள்" என்று கேட்டால் அவரும் செய்து கொடுத்துவிடுவார். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் பெருகியதும் சட்டங்களைக் கையால் எடுக்க முடியாது. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே தேனீக்கள் அடை கட்டி ஒட்டியிருக்கும். இழுத்தால் அடை கிழியும், புழு சாகும், ராணி நசுங்கினாலும் நசுங்கும்.

இதற்குக் காரணம் தேனீ நடமாடும் வழி. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851இல் இதைக் கண்டுகொண்டார். ஒரு குறிப்பிட்ட அளவு சந்து விட்டால் தேனீ அதைப் பாதையாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இடம் இருந்தால் அடை கட்டும். குறைவாக இருந்தால் இத்தாலியத் தேனீ பிசின் வைத்து அடைத்துவிடும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆனால் அது நுழைய முடியாத சந்தில் மெழுகுப்பூச்சி குடியேறும். இத்தாலியத் தேனீக்கு இந்த வழி சுமார் 9.5 மில்லிமீட்டர். உருவில் சிறிய இந்தியத் தேனீக்குச் சுமார் 8 மில்லிமீட்டர்.

இனி கணக்கைப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின் 'ஏ' வகைப் பெட்டியில் சட்டத்தின் வெளியளவு 230க்கு 165 மி.மீ. 'பி' வகையில் 300க்கு 195. இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் சட்டம் 448க்கு 232. 230ஐ 448 ஆக்க எல்லா அளவையும் 1.95 மடங்கு பெருக்கினால், 8 மி.மீ. வழி 15 மி.மீ.க்கு மேல் போய்விடும். மாறாகப் பெரிய பெட்டியைச் சுருக்கி 230க்குக் கொண்டுவந்தால் 9.5 மி.மீ. வழி 5 மி.மீ.கூட இராது. முதல் பெட்டியில் நடுவில் அடை. இரண்டாவதில் தேனீக்கே வழியில்லை.

ஆகவே சட்டத்தை வரையும்போது எந்த அளவு எதைப் பின்பற்றி மாறுகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்வது அவசியம். நீளமும் உயரமும் பெட்டி வகையைப் பின்பற்றும். நடமாடும் வழி, ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடு வரை உள்ள தூரம், மேற்கட்டையின் அகலம் ஆகியவை தேனீயின் இனத்தைப் பின்பற்றும். சட்டத்துக்குச் சட்டம் உள்ள தூரம் இந்தியத் தேனீக்குச் சுமார் 32 மி.மீ., இத்தாலியத் தேனீக்கு 35 மி.மீ. பெட்டி பெரிதானாலும் சிறிதானாலும் இது மாறாது. பலகையின் கனமோ மரக்கடையில் கிடைப்பதைப் பொறுத்தது.

இந்தப் பிரிவினையைக் கணினியில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு வகைக்கும் புதிதாக வரைய வேண்டியதில்லை. ஃப்ரீகேட் என்னும் வரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணக் கணினியே போதும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் சில நாளில் பழகிக்கொள்ளலாம். அதற்குள்ளேயே ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. அதில் நீளம், உயரம், வழி, தாங்கல், கனம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் இட வேண்டும். பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் எழுதுவது நல்லது. பிறகு சட்டத்தை வரையும்போது அளவு கேட்கும் இடத்தில் 230 என்று எண்ணைப் போடக் கூடாது. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சிறு வட்டத்தை அழுத்தி, கணக்குத் தாளின் பெயரையும் ஒரு புள்ளியையும் அளவின் பெயரையும் எழுத வேண்டும். தாளில் எண்ணை மாற்றினால் படமும் தானாக மாறும்.

ஒரு அளவிலிருந்து பிறக்கும் மற்ற அளவுகளைத் தாளே கணக்கிடும்படி வைக்கலாம். பெட்டியின் உள்நீளம் என்பது சட்ட நீளத்துடன் இரு பக்கமும் ஒவ்வொரு வழி. 'ஏ' வகைக்கு 230உடன் இரண்டு 8 சேர்த்து 246. லாங்ஸ்ட்ராத்துக்கு 448உடன் இரண்டு 9.5 சேர்த்து 467. கடையில் விற்கும் பெட்டியை அளந்தாலும் இதுதான் வரும். மேற்கட்டையின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதின் நீளம் என்பது வழியும், பலகையில் அமரும் தாங்கலும் சேர்ந்தது. இத்தாலியப் பெட்டியில் 9.5உம் 8உம் சேர்ந்து 17.5. காதைச் சட்ட நீளத்தோடு சேர்த்துப் பெருக்கிவிட்டால் காது பெட்டிக்கு வெளியே போய் நிற்கும்.

உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். நீளத்துக்கு இரண்டு வழி சேர்த்ததுபோல் உயரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சேர்த்துவிடுகிறார்கள். புழு அறையின் மேல் தேன் அறையை வைத்ததும் கீழறையின் மேல் சந்தும் மேலறையின் கீழ்ச் சந்தும் சேர்ந்து இரட்டிப்பாகி, அங்கே அடை ஏறும். அறை ஒன்றுக்கு உயரத்தில் ஒரே ஒரு வழிதான். தேன் அறைக்கான குட்டைச் சட்டம் வேண்டுமானால் வேறொன்றையும் தொட வேண்டாம். உயரத்தில் மட்டும் 232க்குப் பதில் 159 போட்டால் போதும்.

தாளை நம்பி விட்டுவிடக் கூடாத ஒரு அளவும் உண்டு. அது மேற்கட்டையின் கனம். 'ஏ' சட்டத்தைவிட லாங்ஸ்ட்ராத் சட்டம் நீளத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. அடையின் பரப்போ இரண்டே முக்கால் மடங்கு. ஒரே கனமுள்ள கட்டையில் பாரம் ஒன்றாக இருந்தாலே, நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். கூடுதல் பாரமும் சேர்ந்தால் இங்கே சுமார் 20 மடங்கு. கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். லாங்ஸ்ட்ராத் மேற்கட்டையை 19 மி.மீ. கனத்தில் செய்வதற்கு இது ஒரு காரணம். கட்டை தொய்ந்தால் அடிக்கட்டை கீழறைச் சட்டத்தின் மேல் இறங்கி, அளந்து விட்ட வழி அடைபடும். எனவே கனத்தைச் சூத்திரத்தில் கட்டாமல் ஒவ்வொரு வகைக்கும் கையால் எழுதி வைப்பதே மேல்.

படம் முடிந்ததும் மூன்று வகை எண்களையும் மாறி மாறிப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்காவது கட்டை பிரிந்து நின்றாலோ ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலோ, அந்த இடத்தில் பெயருக்குப் பதில் எண் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். தச்சருக்குக் கொடுக்க நிஜ அளவில் அச்சடிக்கும்போது அச்சு இயந்திரம் தாளுக்கு ஏற்பச் சுருக்கிவிடுவது உண்டு. படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வைத்து, அச்சான பின் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். அறுப்பில் வாள் தின்னும் மரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பலகை ஈரமாக இருந்தால் கணினிக் கணக்கெல்லாம் வீண், காய்ந்ததும் சுருங்கிவிடும். நன்கு உலர்ந்த, வாடை வீசாத மரமாகப் பார்த்து முதலில் ஒரே ஒரு சட்டம் மட்டும் செய்து, இருக்கும் பெட்டியில் இறக்கி, நான்கு பக்கமும் சந்தை அளந்த பிறகு மற்றவற்றை அறுக்கச் சொல்லலாம்.