சம்பளச் சீட்டு

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது கானாடுகாத்தான் என்னும் ஊர். ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டும் கொண்ட நெடிய மாளிகைகள் அவ்வூரின் சிறப்பாகும். பர்மாத் தேக்கினால் ஆகிய தூண்களும் இத்தாலியச் சலவைக்கல் பரப்பிய தளங்களும் காண்போர் கண்ணைக் கவரும். கடல் கடந்து இச்செல்வத்தை ஈட்டிய நகரத்தார், தம் தொழிலை எவ்வாறு நடத்தினர்? அவர்தம் திறத்திற்குச் சான்றாவனவற்றுள் ஒன்று, சம்பளச் சீட்டு என்னும் சிறிய பத்திரம்.

1852ஆம் ஆண்டில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின், பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் விற்பனை பெருகிற்று. காடு திருத்தி நெல் விளைத்த உழவர்க்குக் கடன் வேண்டியிருந்தது. அதனை வழங்கும் கடைகளை நகரத்தார் அந்நாட்டில் ஊர்தோறும் நிறுவினர். 1929-30ஆம் ஆண்டில் ஆராய்ந்த வங்கி விசாரணைக்குழு, அத்தகைய கடைகள் ஏறத்தாழ 1,650 என மதிப்பிட்டது. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருந்தார். கடையோ கடலுக்கு அப்பால் இருந்தது. ஆதலின் அதனை நடத்துதற்குச் சம்பளத்திற்கு ஆள் அமர்த்தப்பட்டனர்.

இளமையிலேயே கடையிற் சேரும் சிறுவன் பெட்டியடிப் பையன் எனப்பட்டான். அவன் ஏவல் செய்தும், பெரியவர்கள் கணக்கெழுதுவதை அருகிருந்து கண்டும் தொழில் பழகினான். பின்னர் அடுத்தாள் ஆனான். முற்றத் தேர்ந்தபின் கடை முழுவதையும் நடத்தும் மேலாள் ஆனான்.

மேலாளாகச் செல்வாரின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. சம்பளமும் அம்மூன்றாண்டிற்கும் சேர்த்துப் பேசப்பெற்றது. அதில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே பெற்றுக் குடும்பத்திற்கு வைத்துச் செல்லுதல் உண்டு. உணவும் உறையுளும் கடையின் செலவு. இலாபம் கண்டால் அதில் ஒரு பங்கும் கிடைத்தது. இவற்றையெல்லாம் கப்பலேறுமுன் பேசித் தெளிந்து எழுத்தில் வைத்தனர்.

முதலாளியின் கண்ணுக்கு எட்டாத் தொலைவில் இருந்தவரை நம்பியது எங்ஙனம்? அந்நம்பிக்கைக்குக் காவலாக நின்றது கணக்கு. மேலாள் நாள்தோறும் வரவு செலவு எழுதினார். குறித்த காலந்தோறும் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பினார். பணிக்காலம் முடிந்ததும் புதிய மேலாள் வந்து ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பொறுப்பேற்றார்.

இம்முறையில் குறையே இல்லை என்றல் பொருந்தாது. பெட்டியடிப் பையன் தன் சம்பளத்தைத் தானே பேசினானல்லன். வீட்டுப் பெரியோர் பேசி முடித்தனர். சென்றவர் ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்திருந்தனர். 1942ஆம் ஆண்டில் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, பலர் கடைகளை விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. எனினும் அவர்கள் கையாண்ட ஒழுங்கு இக்காலத்தார்க்கும் பயன்படுவதாம்.

அன்று முதலாளி ஊரிலிருக்க, பணியாளர் தொலைநாடு சென்றார். இன்று முதலாளி தொலைவிலிருக்க, பணியாளர் வீட்டிலிருந்தே கணினி வாயிலாகப் பணிபுரிதலும் உண்டு. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது இம்முறை விரைந்து பெருகிற்று.

கானாடுகாத்தானில் வணிகவியல் பட்டம் பெற்ற இளைஞன் ஒருவனைச் சென்னை நிறுவனம் ஒன்று கணக்குப் பணிக்கு அழைத்தது எனக் கொள்வோம். அவன் தாய் நோயுற்றவர். வேறு துணை இல்லை. வீட்டிலிருந்து பணிபுரிய விரும்பினான். ஆயினும் கேட்க அஞ்சினான். பல ஆண்டுகள் கணக்கராய் இருந்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டுப் பெரியவரிடம் சென்றான்.

"ஐயா, முன்பின் வேலை பார்த்தறியாதவன் நான். சம்பளமும் கேட்டு, வீட்டிலிருந்து செய்யும் உரிமையும் கேட்டால், வேறொருவரை எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" என்றான்.

"தம்பி, பணிவோடு கேட்பதில் குற்றமில்லை; கேளாமல் சேர்ந்து பின்னர் வருந்துவதே குற்றம். இவ்வேலைக்குப் புதியவர்க்குப் பிற இடங்களில் என்ன தருகிறார்கள் என்று முதலில் விசாரித்து அறிந்துகொள். உன் வீட்டுத் துன்பத்தைச் சொல்லித் தொகை கேளாதே, நீ செய்யவல்ல வேலையைச் சொல்லிக் கேள்" என்றார் பெரியவர்.

"வீட்டிலிருந்து செய்வது பற்றி?"

"புதியவன் தொழில் பழகுவது மூத்தவர் அருகில் இருந்துதான். ஆதலின் முதல் மூன்று மாதம் அலுவலகம் வருகிறேன் என்று சொல். அதுவரை தாயைப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவரை ஏற்பாடு செய். அதன்பின் வீட்டிலிருந்து செய்கிறேன், வாரந்தோறும் முடித்த வேலைக்குக் கணக்கு அனுப்புகிறேன் என்று கேள். அந்நாள் மேலாளுக்கு ஐந்தொகை எதுவோ, அதுவே உனக்கு அக்கணக்கு."

இளைஞன் அவ்வாறே பேசினான். அவன் கேட்டதினும் தொகையைச் சிறிது குறைத்தே நிறுவனத்தார் கூறினர். மூன்று மாதத்திற்குப் பின் வீட்டிலிருந்து பணிபுரிய இசைந்தனர். அவன் உடனே தலையசைக்கவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டான். சொன்னவற்றை எழுத்தில் தருமாறும் வேண்டினான்.

நியமன மடல் வந்ததும் பெரியவர் அதனை வரிவரியாகப் படித்தார். ஆண்டுத் தொகை என்று எழுதிய முழுவதும் கைக்கு வருவதன்று என்று விளக்கினார். வருங்கால வைப்புநிதிக்கென அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கப்படும். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் அதே அளவையும் அவ்வாண்டுத் தொகைக்குள் அடக்கிக் காட்டுதல் உண்டு. வேலை நேரம் எவ்வளவு, கணினிக்கும் இணையத்திற்கும் பணம் கொடுப்பவர் யார், விலகுவதாயின் எத்தனை நாள் முன்னர் அறிவிக்க வேண்டும் என்பனவற்றையும் அவர் நோக்கினார். வீட்டிலிருந்து பணிபுரியும் செய்தி மட்டும் மடலில் இல்லை.

"வாயால் சொன்னார்களே, ஐயா" என்றான் இளைஞன்.

"சொன்னவர் நாளை வேறிடம் போய்விட்டால், அச்சொல்லுக்கு யார் பொறுப்பு? ஒரு வரி சேர்த்துத் தரும்படி கேள்" என்றார் பெரியவர். அவனும் கேட்டான், அவ்வரி சேர்ந்து வந்தது. அதன் பின்னரே கையெழுத்திட்டான்.

பணியமர்த்தும்போது நியமன மடல் வழங்குதல் வேண்டும் என்பது, 2020ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளுள் ஒன்றிலும் இடம்பெற்றுள்ளது. ஆதலின் அதனைக் கேட்டுப் பெறுதல் நாணத்தக்க செயலன்று.

உழைப்பின் விலையைப் பேசுதல் பேராசையுமன்று, முதலாளியை ஐயுறுதலுமன்று. இருவரும் தத்தம் கடமையை முன்னரே அறிந்துகொள்ளும் வழியே அது. பேசும்போது தெளிவும், பேசியபின் எழுத்தும், எழுதியபின் நேர்மையான உழைப்பும் அமையுமாயின், இடையே கடலே கிடப்பினும் நம்பிக்கை குறையாது.