காலி இருக்கைக்கும் காசு உண்டு

கேள்வி: என் மகன் லட்சத்தீவின் அகத்தித் தீவில் கட்டுமான வேலையில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகலாம் என்றால், கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கே கட்டணம் கையைக் கடிக்கிறது. பல நாள் டிக்கெட்டே கிடைப்பதில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து இருக்கைகள் காலியாக இருக்கும் என்கிறான் மகன். மூட்டை எடையிலும் கறார். என் மனைவி சுட்டுவைத்திருக்கும் முறுக்குக்குக்கூட இடமிருக்காது போல. இது என்ன கணக்கு? ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவுக்கு விமானம் போகிறது. பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் சேர்த்து 13 லட்சம் பேர் இருக்கிறோமே, நமக்கு ஏன் இல்லை?
– வாசகர், செந்துறை

பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி எடைமேடையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் இன்னும் இடம் இருக்கும். ஆனால் அனுமதித்த எடை எட்டிவிட்டால் அதற்கு மேல் ஒரு கல் ஏற்ற முடியாது. அகத்தி விமானத்தின் கதையும் அதுதான்.

அகத்தி சுமார் 4 சதுர கிலோமீட்டர் தீவு. 1988இல் திறந்த அதன் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான். திருச்சி ஓடுதளத்தில் பாதி. தொடக்கத்தில் டோர்னியர் என்ற சின்ன விமானங்களுக்காகப் போட்டது. கொச்சியிலிருந்து நெடுங்காலமாகப் பறந்துவரும் அலையன்ஸ் ஏர் இப்போது இயக்கும் ஏடிஆர்-72 விமானத்தில் 70 இருக்கைகள். குட்டை ஓடுதளத்தில் அத்தனையையும் நிரப்பிக்கொண்டு மேலெழுவது கடினம். வெயிலில் காற்று லேசாகிவிட்டால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கு விசையும் குறையும். மழையில் நனைந்த தளத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால் இறங்கும்போதும் எடை குறைவாக இருக்க வேண்டும்.

இதற்கு மேல் எரிபொருள் பாரம். திருச்சியில் இறங்க முடியாவிட்டால் மதுரைக்குப் போகலாம். அகத்தியில் மேகம் மூடினால் பக்கத்துத் தீவில் இறங்க இடமில்லை; கேரளக் கரைக்கே திரும்ப வேண்டும். அந்த எரிபொருளையும் போகும்போதே சுமந்தாக வேண்டும். அதன் எடைக்கு ஈடாகக் குறைவது பயணிகளும் அவர்கள் மூட்டையும்தான். விமானிகளின் சம்பளமும் பராமரிப்புச் செலவும் அப்படியே இருக்க, அதைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆட்கள் குறைகிறார்கள். காலி இருக்கையின் காசையும் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

அப்படியும் சேவை நடப்பதற்கு அரசு விதிகள் ஒரு காரணம். 1994இல் வந்த வழித்தடப் பங்கீட்டு விதிப்படி, லாபமுள்ள பெருநகரத் தடங்களில் பறக்கும் நிறுவனங்கள், வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு ஆகிய இடங்களுக்கும் குறிப்பிட்ட அளவு பறக்க வேண்டும். உலகின் பல சிறு தீவுகளுக்கும் விமானம் இப்படித்தான் ஓடுகிறது. ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே லோகன்ஏர் பறக்கும் தூரம் 3 கிலோமீட்டர்கூட இல்லை. காற்று சாதகமானால் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நம் டவுன் பஸ் மாதிரி. அதுவும் அரசு ஆதரவில்தான் நடக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தீவுக்கு விமானம் தருவது ஆள்தொகையைப் பார்த்து அல்ல, மாற்று வழி இல்லாததைப் பார்த்து. அகத்திக்கு விமானத்தை விட்டால் கப்பல்தான். பெரும்பாலும் ஓர் இரவுக்கு மேல் ஆகும். நமக்கோ அரியலூரில் ரயில் நிற்கிறது; பெரம்பலூரிலிருந்து திருச்சி விமான நிலையம் சாலை வழியே ஏறக்குறைய ஒரு மணி நேரம். இங்கே ஓடுதளம் போட்டாலும் சென்னைக்குப் பேருந்தில் போகிறவர் விமானத்துக்கு மாற மாட்டார்.

சிறு ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் உடான் திட்டம் 2016இல் வந்தது. அதன்படி 2018இல் சேலத்துக்குத் தொடங்கிய சேவை 2021இல் நின்றது. 2023இல்தான் மறுபடி விமானம் வந்தது. நெய்வேலி 2017லேயே பட்டியலில் சேர்ந்தும் ஆண்டுக்கணக்கில் விமானம் இறங்கவில்லை. நான் பெரம்பலூர்க்காரனாக இருந்தால் விமானத்துக்கு மனுப் போட மாட்டேன். ரயில்பாதையே இல்லாத மாவட்டத் தலைநகருக்கு முதலில் தண்டவாளம் கேட்பேன்.

உங்கள் பயணத்துக்கு வருவோம். லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு கட்டாயம். அதை மகன் மூலம் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பள்ளி விடுமுறையையும் பண்டிகை நாட்களையும் தவிர்த்தால் கட்டணம் கொஞ்சம் இறங்கலாம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு டின் கப்பலிலேயே கூட வந்துவிடும்.