டார்ச் அசைந்தால் ரயில் ஏன் நிற்கிறது?

2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். தென்காசி மாவட்டம் புளியரை அருகே மலைச்சாலை வளைவில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று கவிழ்ந்து, கீழே இருந்த செங்கோட்டை – புனலூர் ரயில் பாதையில் விழுந்தது. சத்தம் கேட்ட வயதான தம்பதி, கையில் டார்ச்சோடு தண்டவாளம் வழியே ஓடினார்கள். எதிரே வந்த ரயில் நின்றது. அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி அறிவித்தார் முதலமைச்சர்.

சாதாரண டார்ச் வெளிச்சத்துக்கு ரயில் எப்படி நின்றது? பதில் ரயில்வேயின் பொது விதிகளில் இருக்கிறது. தெரிஞ்சு வெச்சுக்கலாம், வாங்க.

'நில்' என்று சொல்லும் சைகை

பகலில்: சிவப்புக் கொடி. கொடி இல்லையா? இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டணும்.

இரவில்: சிவப்பு விளக்கு. அது இல்லைன்னா, வெள்ளை விளக்கை உடம்புக்குக் குறுக்கே இடமும் வலமுமாக வேகமாக ஆட்டணும்.

இதைக் கண்டதும் லோகோ பைலட் ரயிலை நிறுத்தியாக வேண்டும்.

தினமும் இதைச் செய்பவர்கள்

குற்றாலத்தில் ரயில் நிலையம் இல்லை. சீசனுக்கு ரயிலில் வருபவர்கள் தென்காசியில்தான் இறங்குவார்கள். அப்படி இறங்கும்போது பச்சைக் கொடியோடு நிற்பவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் பெரும்பாலும் பாயிண்ட்ஸ்மேன். கடந்து போகும் ரயிலில் ஏதாவது தொங்குகிறதா, புகை வருகிறதா, அச்சு சூடேறியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கோளாறு தெரிந்தால் அடுத்த நொடியே சிவப்பு காட்டுவார்.

எஞ்சினைக் கோப்பது, கழற்றுவது, ஷண்டிங்கில் சைகை காட்டுவது எல்லாமே அவர் வேலைதான். தடம் மாற்றும் 'பாயிண்ட்' மோட்டார் பழுதானால், ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவுப்படி கைப்பிடியால் சுழற்றித் தடத்தை மாற்றிப் பூட்டுவதும் அவர்தான். மழையோ வெயிலோ, இரவு ஷிப்டும் உண்டு.

கேட்கீப்பரின் வேலையும் இதே அளவு பொறுப்பானது. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். அந்த இணைப்பு இல்லாத கேட்டில் மனிதரின் கவனம்தான் காவல். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தது இணைப்பு இல்லாத கேட்டில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பாதையில் மரம், பாறை, வாகனம் கிடந்தால் அருகிலுள்ள கேட்கீப்பருக்கோ ரயில் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். 139-க்கும் அழைக்கலாம்.
• கேட்டில் வண்டி சிக்கினால் முதலில் ஆட்களை இறக்குங்கள். வண்டி அப்புறம்.
• ரயிலை நிறுத்த வேண்டிய நிலை வந்தால், தடையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு முன்னால் போய்ச் சைகை காட்டுங்கள். பிரேக் போட்டதும் ரயில் நின்றுவிடாது. அகலப் பாதையில் தடைக்கு 600 மீட்டரிலும் 1,200 மீட்டரிலும் எச்சரிக்கை வெடி வைக்கச் சொல்கிறது விதி; அதிலிருந்தே தூரத்தின் அவசியம் புரியும்.
• ஒற்றைப் பாதையில் ரயில் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஆள் இருந்தால் இரண்டு பக்கமும் போங்கள். தண்டவாளத்தை விட்டு விலகி, ஓரமாக நின்றே காட்டுங்கள். போன் டார்ச்சும் உதவும்.
• மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டம் பிரிவு 160-ன்படி 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை. 'சீக்கிரம் திற' என்று கேட்கீப்பரோடு சண்டை போடாதீங்க. திறக்கும் நேரம் அவர் விருப்பத்தில் இல்லை.

இந்த வேலைக்கு வர விருப்பமா?

பாயிண்ட்ஸ்மேன் பணி ரயில்வே தேர்வு வாரியத்தின் லெவல்-1 அறிவிப்பில் வரும். 2025-ல் விண்ணப்பம் பெற்ற அறிவிப்பில் 10-ம் வகுப்பு அல்லது ஐடிஐ போதும் என்றிருந்தது. கணினிவழித் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 35 கிலோ, பெண்கள் 20 கிலோ எடையை 2 நிமிடத்துக்குள் 100 மீட்டர் சுமக்கணும். 1,000 மீட்டரை ஆண்கள் 4 நிமிடம் 15 நொடியிலும், பெண்கள் 5 நிமிடம் 40 நொடியிலும் ஓடணும். மருத்துவப் பரிசோதனையில் பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் கறாராகச் சோதிக்கப்படும்.

வாரியத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். பணம் கொடுத்தால் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் அந்த இரண்டு சைகைகளையும் சொல்லிக் கொடுங்கள். பாதையோர ஊர்க்காரர்கள் என்றால் கட்டாயம்.