கண்ணுக்குள் பகல் ஆளும் இரவு ஆளும்

வெயில் காயும் தெருவிலிருந்து கிட்டங்கிக்குள் நுழைந்தால் சற்று நேரம் மூட்டையும் தெரியாது, ஆளும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். வியாபாரிகளாகிய நம்மில் இதை அறியாதவர் இல்லை. காரணத்தை விசாரித்தவர் சிலரே. ஆகவே நாம் அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

கண்ணின் உட்புறத்தில், பின்பக்கமாக, விழித்திரை என்னும் மெல்லிய சவ்வு படிந்திருக்கிறது. ஒளியை உணரும் உயிரணுக்கள் அதிலே இரு வகை. கூம்பு வடிவானவை ஏறக்குறைய 60 லட்சம். கோல் வடிவானவை ஏறக்குறைய 12 கோடி. கூம்புகள் பகல் ஆட்கள். நிறம் பிரிப்பதும், பொடி எழுத்தை வாசிக்கச் செய்வதும் அவற்றின் வேலை. கோல்கள் இரவு ஆட்கள். மங்கிய வெளிச்சமே அவற்றுக்குப் போதும். ஆனால் நிறம் பிரிக்கத் தெரியாது.

கோல்களுக்குள் ரொடாப்சின் என்ற சாயப் பொருள் உண்டு. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப் போகும். இருட்டில் மீண்டும் ஊறும். முழுதும் ஊற அரை மணி நேரம் வரை செல்லும். கிட்டங்கியில் நாம் பொறுத்து நிற்பது பெரும்பாலும் இதற்காகவே.

இன்னொரு விந்தையும் உண்டு. இந்த அணுக்கள் இருட்டில்தான் ஓயாமல் சமிக்ஞை விடுகின்றன. ஒளி பட்டால் அது குறைகிறது. இரவெல்லாம் குரல் கொடுக்கும் காவற்காரன் திடீரென ஓய்ந்தால் வீட்டார் விழித்துக் கொள்வார்கள் அல்லவா? அதுபோல் அந்தக் குறைவையே மூளை செய்தியாக எடுத்துக் கொள்கிறது.

சாயம் ஊறுவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். இதை ஆராய்ந்து விளக்கிய ஜார்ஜ் வால்ட் என்ற அமெரிக்கர் 1967ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, ஈரல் ஆகியவற்றில் அச்சத்து கிடைக்கிறது. அது குறைந்தால் முதலில் கெடுவது இரவுப் பார்வை. மாலைக்கண் என்பது அதுதான்.

இரண்டு சொல்லி முடிக்கிறோம். கோல்களுக்குச் சிவப்பு ஒளி எட்டாது. ஆதலால் மங்கிய விளக்கில் சிவப்புக் கைலி கறுத்துத் தெரியும். துணியை வாசல் வெளிச்சத்தில் காட்டி விற்பதே நாணயம். அடுத்தது, இருட்டில் தடுமாற்றம் புதிதாகக் கண்டால், "வயதாகிவிட்டது" என்று கடை அலுவலைச் சாக்காக்கித் தள்ளிப் போடாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சத்துக் குறைவைத் தீர்த்துவிடலாம். செத்துப்போன கோலும் கூம்பும் மனிதர் கண்ணில் மறுபடி முளைப்பதில்லை. சரக்கு போனால் திரும்பக் கொள்முதல் செய்யலாம். இதற்குக் கொள்முதல் இல்லை.